பதினாலாம் நம்பர் படம்

பொன்னுரங்கம் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு அருகதை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. எங்கள் கம்பெனி ஆண்டு மலரில் புது ஜெனரேட்டரின் படம்கூட அரைப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் அந்தக் கம்பெனிக்குப் படம் காட்டிய மனிதரின் படம் ஒரு தபால்தலை அளவுக்குக்கூட வரவில்லை.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. கல்யாண வீடியோக்காரராக ஆரம்பித்தவர். அந்தக் காலத்துக் கேமராவைத் தூக்கித் தூக்கி வலது தோள் கொஞ்சம் இறங்கியே இருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கும் எங்கள் ரசாயனத் தொழிற்சாலையில் தொண்ணூற்று நாலில் பயிற்சிப் பிரிவு உதவியாளராகச் சேர்ந்தார். ஒரு டிவி, ஒரு டெக், இரண்டையும் ஒரு தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போவார். தீ பிடித்தால் என்ன செய்வது, அமிலம் பட்டால் என்ன செய்வது என்று பாதுகாப்புப் படம் போடுவார். வண்டி வரும் சத்தம் கேட்டதுமே பாதிப் பேர் பீடி பிடிக்கப் போய்விடுவார்கள். அவர் விடமாட்டார். "யோவ், உன் உசுருக்குத்தான்யா படம் காட்றேன், எனக்கு இன்னா வந்துது?" என்று கழிவறை வாசல் வரை துரத்திப் போய்ப் பிடித்து வருவார்.

நான் தொண்ணூற்று ஒன்பதில் அதே பிரிவில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் பெயர் ரோஸ்மேரி. நாசரேத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்த குடும்பம். வீட்டில் தப்பித் தவறி 'இருக்கிறது' என்பதற்குக் 'கீது' என்று சொல்லிவிட்டால் அம்மா வாயிலேயே போடுவாள். மாதா கோவிலில் வேத வாசகம் வாசிப்பவள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் கதையின் நடுவில் நல்லவள் மாதிரி தெரிவேன்.

வெளியிலிருந்து வாங்கிய படங்களில் வெள்ளைக்காரர்கள் கையுறை போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துத் தூங்குவார்கள். இரண்டாயிரத்தில் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. நம்ம ஆளே நம்ம பேச்சில் சொன்னால் கேட்பார்கள். அதற்கு அவர் பிடித்த ஆள் பீம்ராவ். வியாசர்பாடிக்காரர், தொட்டிப் பகுதியில் வால்வு பார்க்கிற ஆப்பரேட்டர், வாய் திறந்தால் ஷெட்டே சிரிக்கும்.

தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது எப்படி என்பதுதான் படம். அதன் நடுவில் பீம்ராவ் கேமராவை நேராகப் பார்த்து ஒன்று சொல்வார். அதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் தொட்டிகளைக் காலி செய்ததும் தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் நிரப்புவார்கள். நிறம் இல்லை, வாசனை இல்லை. அதை ஆட்கள் 'காத்து' என்றுதான் சொல்வார்கள். ஆரம்பித்தது யார் என்று தெரியாது, எல்லோருக்கும் அது காத்துதான். "காத்து போட்டாச்சா", "காத்து கீது, கிட்ட போவாத" என்று பேசிக்கொள்வார்கள்.

பீம்ராவ் படத்தில் சொன்னது இது: "தோ பாரு நைனா, இங்க காத்துன்னா நீ மூச்சு வுட்ற காத்து இல்ல. நைட்ரஜன். காத்து கீதுன்னு எவனாச்சும் சொன்னான்னா எறங்காத. எறங்கின, ரெண்டே இழுப்பு, ஆளு காலி."

பன்னிரண்டு விநாடி. கடைசியாக எடுத்தது அதைத்தான், ஒரே டேக்கில் சொன்னார். முடித்ததும், "இன்னா மாமு, கரீட்டா பேசினேனா?" என்று கேட்டார். பொன்னுரங்கம் அண்ணன் கேமராவை இறக்காமலே இடது கையை உயர்த்திக் காட்டினார்.

அந்தப் படத்துக்கு ஒருவரும் பீடி பிடிக்கப் போகவில்லை.

இரண்டாயிரத்து நாலில் கம்பெனிக்குப் புது மோகம் வந்தது. தள்ளுவண்டி வேண்டாம், கேசட் வேண்டாம். எல்லாப் படங்களையும் ஒரு சர்வரில் ஏற்றி, கம்பி வழியே கேன்டீன், கேட், கட்டுப்பாட்டு அறைகள் என்று ஆறு டிவிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். மும்பைத் தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. அண்ணனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து சர்வருக்கு முதல் வேலையாகக் கற்பூரம் ஏற்றினார்.

நன்றாகத்தான் கற்றுக்கொண்டார். பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். படம் நடுவில் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால், "சுத்துது, ரோசு, சுத்துது, எவனோ ஆபீஸ்ல பாட்டு கேக்கறான்" என்று மாடிப்படி ஏறி ஓடுவார். மும்பைக்காரர்கள் படங்களுக்கு எண் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். அவர் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். 'ஒன்பது: அமிலம், கண்ணு. பதினொண்ணு: ஏணி. பதினாலு: பீமு தொட்டி.' காண்டிராக்ட் ஆட்களுக்குக் கம்ப்யூட்டரில் பெயர் கிடையாது என்பதால், யார் எந்தப் படம் எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்று அதே நோட்டின் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம், கல்யாண வீடியோ நாளிலிருந்து வந்தது. கேசட்டைச் சும்மா வைத்திருக்க மாட்டார். ஏற்றி முடித்த கேசட்டில் அடுத்ததை எடுத்துவிடுவார். பீம்ராவ் பேசின கேசட்டில் அந்த வருஷத்து ஆயுத பூஜை ஏறியது.

அடுத்த வருஷம் மும்பையிலிருந்து ஒருவர் வந்து படங்களைப் பார்த்தார். பதினாலாம் நம்பரைப் பார்த்து முகம் சுளித்தார். எங்கள் பயிற்சி மேலாளர் பக்தவச்சலம் சார் அவருக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றார், ஏதோ தன் வீட்டுச் சாக்கடை வெளியே தெரிந்த மாதிரி. கொச்சைப் பேச்சு கம்பெனிக்கு அசிங்கம், நல்ல தமிழில் குரல் மாற்றிப் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. பீம்ராவின் பேச்சை நான் எழுதிக் கொடுத்தேன். சார் சிவப்புப் பேனாவால் அடித்து அடித்து நல்ல தமிழாக்கினார். அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு அவர் எழுதியது இது: 'தொட்டிக்குள் இறங்கும் முன், உள்ளே காற்று இருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.'

வாசித்தது நான். வேத வாசகம் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு றகரமும் கேட்கும்படி வாசித்தேன்.

மைக்குக்கு அந்தப் பக்கம் பொன்னுரங்கம் அண்ணன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "ரோசு, பீமு சொன்னது இது இல்லியேம்மா. அவன் வேற சொன்னான்."

"அண்ணே, அது ஒரு பேச்சா? காற்று என்றால் காற்றுதானே" என்றேன். சிரித்தேன்கூட.

அவர் சாரைப் பார்த்தார். சார் கடிகாரத்தைப் பார்த்தார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் இல்லை அண்ணன், கழிவறை வரை துரத்துகிறவர். ஆனால் மேலதிகாரி முன்னால் மட்டும் அந்தத் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கும். கழற்றியதைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். புதுப் படத்தை அதே பதினாலாம் எண்ணில் ஏற்றினார். அதே எண்ணில் ஏற்றினால் பழையது அழிந்துவிடும். அழிந்தது.

திங்கட்கிழமை கேன்டீனில் படம் ஓடியபோது ஒரே கூத்து. பீம்ராவ் வாயை அசைக்கிறார், பெண் குரல் வருகிறது. "பீமு, எப்படா வயசுக்கு வந்த?" என்று கத்தினார்கள். பாவம், பீம்ராவ் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தச் சிரிப்பில், என்ன காணாமல் போனது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. பழைய ஆட்களுக்கு அது தெரிந்த விஷயம். புது ஆட்களுக்குத் தெரியாது என்பதே தெரியாது.

அப்படிப் புதிதாக வந்தவர்தான் மதி. மாத்தூர்க்காரர். முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள். தொட்டி சுத்தம் செய்யும் காண்டிராக்ட் குழுவில் இரண்டாயிரத்து ஆறில் சேர்ந்தார். மாதாமாதம் கேட் பாஸ் புதுப்பிக்கும்போது படம் பார்க்க வேண்டும். மற்றவர்கள் தூங்குவார்கள், இவர் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார். மூன்று முறை பார்த்தார். மூன்று கையெழுத்தும் நோட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் போடுவது போல முழுப் பெயர். மூன்றாவது முறை அண்ணனிடம் கேட்டாராம்: "யாருண்ணா அந்தக் கொரலு? ரேடியோல பேசறவங்களா? சோக்கா புரியற மாரி சொல்றாங்க."

அண்ணன் வந்து என்னிடம் சொன்னார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை மாதம், காலை பதினொரு மணி. ஏழாம் தொட்டி. மீட்டர் வைத்து உள்ளே ஆக்சிஜனை அளந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். மீட்டர் பழுதுபார்க்கப் போய் மூன்று வாரம். அளந்ததாகத் தாளில் கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பின்னால் வந்த விசாரணை அறிக்கையில் ஒரு வரி இல்லை, அதை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மதி மேலே, தொட்டியின் வாயருகே இருந்தார். கீழே முப்பதடி தள்ளி வால்வுப் பக்கம் பீம்ராவ். படத்தில் சொன்னபடியே மதி, அந்தத் தொட்டிக்குப் பொறுப்பாளரான அவரிடம் கேட்டார். சுற்றிலும் மோட்டார் சத்தம். வாயருகே கை வைத்துக் கத்தினார்: "அண்ணே, காத்து கீதா?"

பீம்ராவ் நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கிச் சொன்னார்: "கீது, கீது!"

இறங்காதே என்று அதற்கு அர்த்தம். பீம்ராவைப் பொறுத்தவரை அதைவிடத் தெளிவாக ஒருவன் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு வால்வுக்குக் குனிந்தார். மதி ஏணியில் இறங்கினார்.

தூக்கி எடுத்தபோது பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது, உயிர் போயிருந்தது. ஷிப்டு கலைந்து கூட்டம் நின்றது. பீம்ராவ் மட்டும் ஒவ்வொருவர் சட்டையாகப் பிடித்து, "கீதுன்னு சொன்னேன்யா, நான் கீதுன்னுதான சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை அத்தனை பேர் கேட்டார்கள். அந்த வாக்குமூலமே அவரைக் கட்டிப்போட்டது.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பக்தவச்சலம் சார் ஒருவர், எங்கள் ஆலை அதிகாரி ஒருவர், மும்பையிலிருந்து முதல் முறையாக வந்த ரஷீது சார் ஒருவர். அவர்தான் தலைவர். ஆம்பூர் பக்கத்துக்காரர், தமிழ் தெரியும், எங்கள் ஊர்ப் பேச்சு பிடிபடாது. மதி பயிற்சி பெற்றவர், விதிப்படி கேட்டார். பீம்ராவ் 'இருக்கிறது' என்று தவறான தகவல் தந்தார். ஆகவே குற்றம் பீம்ராவுடையது. கணக்கு நேராகத்தான் இருந்தது. வேலை போவதோடு முடியாது, போலீஸ் வழக்கும் அவர் தலையில்தான் விழும்.

இதைத் தடுக்க ஒரே வழி, 'காத்து' என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று பீம்ராவே படத்தில் சொல்லிக்கொடுத்தார், கம்பெனி அதை அழித்தது என்று காட்டுவது. ஆட்கள் வாயால் சொன்னதை, கூட்டாளியைக் காப்பாற்றச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த தாள் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. அண்ணன் இரண்டு நாள் சர்வரைக் குடைந்தார். இல்லை. கேசட்டைப் போட்டார். ஆயுத பூஜைப் பூசணிக்காய் உடைந்துகொண்டிருந்தது. கேசட் கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தார், மிச்சம் ஏதாவது இருக்குமோ என்று. பூஜை முடிந்த பிறகு பழைய படத்தின் வால் கொஞ்சம் வந்தது. பீம்ராவ் சிரித்துக்கொண்டே, "இன்னா மாமு, கரீட்டா பேசினேனா?" என்றார். அதற்கு மேல் வெறும் புள்ளிகள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவர் விசாரணை அறைக்குள் ஒரு டிவியைத் தூக்கிக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், குறிப்பெடுக்க. பதினாலாம் நம்பரைப் போட்டு, குரலை முழுக்க அடக்கினார். அந்த இடம் வந்ததும் திரைமேல் விரலை வைத்தார்.

"கொரலுதான் சார் மாத்தினாங்கோ, படம் அதே படம். வாயப் பாருங்க சார். அவன் வாயப் பாருங்க. 'மூச்சு வுட்ற காத்து இல்ல'ன்றான், பாருங்க. 'எறங்காத'ன்றான்."

பீம்ராவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. ரஷீது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை போடச் சொன்னார். இன்னொரு முறையும் போட்டார். அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்த மனிதர் தெரிந்துகொள்ள விரும்பினார், அதை இன்றும் சத்தியம் செய்வேன். என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே இதுக்குக் குரல் கொடுத்தது? ஒரிஜினலைக் கேட்டு எழுதினதும் நீங்கதானாமே. அவர் என்னம்மா சொல்றார் இங்கே?"

ஏழு வருஷம் தற்காலிகமாக இருந்தேன். நிரந்தர உத்தரவு அந்த மாதம் கையெழுத்துக்குப் போயிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் பக்தவச்சலம் சார். அவர் மேஜைமேல் இருந்த சிவப்புப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"சரியாகத் தெரியவில்லை சார்" என்றேன். நல்ல தமிழில்.

பொன்னுரங்கம் அண்ணன் என்னைத் திட்டவில்லை. டிவியின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினார். வெளியே வந்ததும், "தண்ணி குட்ச்சியா ரோசு? முகம் வெளுத்துகீது" என்றார். அவர் என்னை அறைந்திருக்கலாம்.

பீம்ராவுக்கு வேலை போயிற்று. வழக்கும் போட்டார்கள். பதினாலாம் நம்பரில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டுப் படத்தைத் தொடர்ந்து போடுமாறு உத்தரவு வந்தது. வரியை எடுப்பது என்பது, அப்படி ஒரு வரி இருந்ததே இல்லை என்று கையைக் கழுவுவது. அண்ணன் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார். திருத்திய வசனத் தாளைப் பக்தவச்சலம் சார் படித்துப் பார்த்து ஒப்புதல் போட்டார். தாளைத்தான் பார்த்தார், படத்தை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அண்ணன் சர்வர் அறைச் சாவியையும் நோட்டையும் என் மேஜையில் வைத்தார்.

"நீ பாத்துக்கோ ரோசு. திங்கக்கெழமைல போடு. மறக்காத" என்றார். அவ்வளவுதான், வேலையை விட்டுவிட்டார். எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

முதல் திங்கட்கிழமை பதினாலாம் நம்பரைப் போட்டேன். என் குரல் கேன்டீன் முழுக்க ஒலித்தது. திடீரென்று நின்றுவிட்டது. பழுது என்று நினைத்து டிவியிடம் ஓடினேன். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் குரலை மட்டும் வெட்டிவிட்டு, படத்தை ஒரு விநாடிகூடக் குறைக்காமல் விட்டிருந்தார் அண்ணன். பெரிய திரையில் பீம்ராவ் எங்களை நேராகப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்தார்.

என் முதுகுக்குப் பின்னால் பழைய ஆள் ஒருவர் சொன்னார்: "இங்க காத்துன்னா நீ மூச்சு வுட்ற காத்து இல்ல." இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். "எறங்காத" என்ற இடத்தில் கேன்டீன் முழுவதும் சொன்னது. சிரிப்பே இல்லை. காண்டிராக்ட் ஆட்கள் சாப்பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்படித்தான். பொத்தானை அழுத்துவது நான்.

அண்ணன் தேரடியில் கேசட்டை சிடியாக மாற்றித் தரும் சின்னக் கடை வைத்தார். பீம்ராவுக்கு விம்கோ நகரில் ஒரு கிடங்குக் காவல் வேலையை அவர்தான் பிடித்துக் கொடுத்தார். ஒருமுறை அண்ணன் கடைக்குப் போயிருந்தேன், மன்னிப்புக் கேட்கலாம் என்று. வாசலில் பீம்ராவ் உட்கார்ந்திருந்தார். "அண்ணன் உள்ள இருக்காரா?" என்று கேட்டேன். பீம்ராவ் தலையை மட்டும் ஆட்டினார். இப்போதெல்லாம் எதற்கும் அவர் 'கீது' என்று சொல்வதில்லையாம், தலையாட்டல்தான். அன்று பொன்னுரங்கம் அண்ணன்தான் உள்ளிருந்து வந்து அதைச் சொன்னார். நான் வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது. கடையில் யாருடைய கல்யாணமோ பாதி ஏறியபடி நின்றுபோயிருந்தது.

அவர் போன இரண்டாம் மாதம் ரஷீது சார் ஆலையைப் பார்க்க வந்தார். திங்கட்கிழமை. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு நின்றார். படத்தில் என் குரல் நின்றது. கேன்டீன் பேசியது. அவர் டீ டம்ளரைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தார், திரையைப் பார்த்தார், அந்த வாயைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"எல்லாரும் என்னம்மா சொல்றாங்க?"

அதே கேள்வி. இந்த முறை சொன்னேன். என் அம்மா வாயில் போட்ட அந்தப் பாஷையிலேயே, பீம்ராவ் சொன்னது சொன்னபடி, ஒரு வார்த்தை விடாமல் முழுப் பன்னிரண்டு விநாடியும் சொன்னேன்.

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "ஃபைலை மூடி ரெண்டு வருஷம் ஆச்சே."

டிவியில் என் குரல் எப்போதோ திரும்ப வந்து, அடுத்த விதியை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.